லண்டனுக்கு முதல் முறையா, கையில் நாலைந்து நாள்தானா? திட்டமிடுவது இப்படி

லண்டன் பயணம் உறுதியானதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவது. அரை மணி நேரத்தில் முப்பது பெயர் சேர்ந்துவிடும். அப்புறம் அந்த முப்பதையும் இருக்கிற நாட்களுக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். காலையில் மேற்கே ஒன்று, மதியம் கிழக்கே ஒன்று, மாலையில் மறுபடி மேற்கே ஒன்று என்று ஓடி, பாதிப் பயணம் பாதாள ரயிலிலேயே கழிந்துவிடும்.

என் யோசனை எளிமையானது. ஒரு நாளுக்கு ஒரு பகுதி. காலையில் ஒரே ஒரு முறை ரயிலேறி அந்தப் பகுதியில் போய் இறங்குங்கள், மாலை வரை அங்கேயே நடந்து பாருங்கள். லண்டனின் முக்கியமான இடங்கள் வரைபடத்தில் தெரிவதைவிட நெருக்கமாகவே இருக்கின்றன. எங்கே தங்குவது, எதற்கு முன்பதிவு செய்வது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு முடிவே பதில் சொல்லிவிடும்.

முதல் படி: நாட்களை எண்ணுவது

விமான டிக்கெட்டின்படி ஐந்து நாள் என்றால், ஊர் பார்க்கக் கிடைப்பது மூன்று முழு நாளும் இரண்டு துண்டு நாளும்தான். இறங்கும் நாளில் குடிவரவு வரிசையும் பெட்டிக்கான காத்திருப்பும் இருக்கும். ஹோட்டல் அறையும் பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் பிறகே கிடைக்கும். அந்த நாளில் காசு கட்டிப் பார்க்கிற எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் அந்த டிக்கெட் வீண்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பது பலர் நினைப்பதைவிட முக்கியம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். அதே நான்கு நாள்தான், ஆனால் வெளிச்சம் பாதி. குளிர்காலத்தில் போகிறவர்கள் ஆற்றங்கரை, பூங்கா, பாலம் எல்லாவற்றையும் மதியம் மூன்று மணிக்குள் முடித்துவிட்டு, அருங்காட்சியகங்களை இருட்டிய பிறகுக்கு வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம்: டிசம்பர் 25 அன்று லண்டனில் டியூப் என்கிற பாதாள ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. அந்தத் தேதியில் விமானம் ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தால், போக்குவரத்துக்கு இப்போதே வழி பாருங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. முதல் இரண்டு நாள் அதிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், இரவு எட்டு மணிக்குக் கண் சொருகும். இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கூட்டம் அதிகமுள்ள இடங்களை முதல் முழு நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் மாதிரி இரவு நேர விஷயங்களை, இறங்கிய நாளையும் சேர்த்து மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும் என்றாலும், விடுமுறைக் காலத்தில் கூடுதல் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். விசா கைக்கு வரும் வரை பணம் திரும்பக் கிடைக்காத ஹோட்டல் பதிவைச் செய்யாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

எங்கே தங்குவது

லண்டன் போக்குவரத்து வரைபடம் நடுவிலிருந்து வெளியே ஸோன் 1, ஸோன் 2 என்று வளையங்களாகப் போகும். குறுகிய பயணத்துக்கு முதல் இரண்டு வளையத்துக்குள் தங்குங்கள். வெளி வளையத்தில் அறை வாடகை குறைவுதான். ஆனால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று தினமும் ஒன்றரை மணி நேரத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க முடியாமல் போகும்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குவதாக இருந்தால், டியூபின் பிக்காடில்லி பாதையில் உள்ள ஏர்ல்ஸ் கோர்ட், கிளாஸ்டர் ரோடு பக்கம் வசதி. பெட்டியோடு ரயில் மாற வேண்டாம். கிங்ஸ் கிராஸ் பல பாதைகள் சந்திக்கிற இடம், எங்கே போகவும் சுலபம். வாட்டர்லூ, சதர்க் பக்கம் தங்கினால் ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம். உறவினர் வீட்டில் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ தங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் காலையில் சீக்கிரம் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவது என்று வைத்துக்கொள்ளலாம்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஹோட்டலில் லிஃப்ட் உண்டா என்பது. பழைய வீடுகளை மாற்றிக் கட்டிய சின்ன ஹோட்டல்களில் குறுகலான மாடிப்படி மட்டுமே இருக்கும், அறை நாலாவது மாடியிலும் கிடைக்கும். இரண்டு, பக்கத்து ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டா என்பது. டியூப் 1863-இல் தொடங்கியது. நிறைய ஸ்டேஷன்களில் இன்றும் படியேறித்தான் ஆக வேண்டும். டியூப் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட ஸ்டேஷன்களில் படியில்லாமல் போகலாம். அந்தக் குறியைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.

விமான நிலையத்திலிருந்து

ஹீத்ரோவிலிருந்து மூன்று ரயில்கள். பிக்காடில்லி டியூப் மலிவானது. நகர நடுவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எலிசபெத் லைன் 2022-இல் திறந்தது. கட்டணம் அதிகம் என்றாலும் அரை மணி நேரத்தில் பேடிங்டன் ஸ்டேஷன், அங்கிருந்து அப்படியே நகரின் குறுக்கே கிழக்கு வரை போகும். பெட்டிகள் அகலம், லிஃப்டும் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணி நேரத்தில் பேடிங்டன் போய் அங்கேயே நின்றுவிடும். உங்கள் அறை பேடிங்டன் பக்கத்தில் இல்லையென்றால் அதற்குக் கொடுக்கிற காசு வீண் என்பது என் அபிப்பிராயம். பெட்டியோடு குடும்பமாக வருகிறவர்களுக்கு எலிசபெத் லைனைத்தான் சொல்வேன்.

ஹோட்டல் முகவரியைத் தேடும்போது தெருப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் பல தெருக்கள் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த போஸ்ட்கோடு சில வீடுகள் அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டிவிடும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் பத்திரப்படுத்திய வரைபடத்திலும் குறித்துவிடுங்கள்.

கார்டு, ரயில், பேருந்து

டிக்கெட் கவுன்டரைத் தேட வேண்டாம். கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள வங்கி கார்டு அல்லது, முன்கூட்டியே காசு ஏற்றி வைக்கிற லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு போதும். ஸ்டேஷன் வாசல் கதவில் மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கும். அதில் கார்டை வைத்தால் ஒரு சின்ன பீப் சத்தம், கதவு இரண்டு பக்கமும் விலகும். வெளியே வரும்போதும் அதே மாதிரி வைக்க வேண்டும். சில ஸ்டேஷன்களில் கதவே இருக்காது, ஓரத்தில் ஒரு கம்பத்தில் வட்டம் மட்டும் நிற்கும். கவனிக்காமல் நடந்துவிட்டால் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாமல் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். பேருந்தில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும், இறங்கும்போது வேண்டாம். பேருந்தில் ரொக்கம் வாங்குவதே இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒரு வரம்புக்கு மேல் காசு பிடிக்காது. ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர, காலையிலிருந்து இரவு வரை அதே கார்டையே காட்ட வேண்டும். காலையில் கார்டு, மதியம் அதே கார்டைப் போட்டு வைத்திருக்கிற கைபேசி என்று மாற்றினால் இரண்டும் வேறு ஆள் கணக்காகிவிடும். இரண்டு பேர் ஒரே கார்டில் போகவும் முடியாது. வெளிநாட்டு கார்டுக்கு உங்கள் வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்குமா என்று கிளம்பும் முன் கேளுங்கள். பிடிக்கும் என்றால் ஆய்ஸ்டர் வாங்கிக் காசு ஏற்றிக்கொள்வது லாபம்.

பதினோரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு வந்தால் டியூபில் இலவசம். 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் கார்டில் இளம் பயணி சலுகையை ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், பாதிக் கட்டணம் மிச்சம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை நெரிசல் நேரம். டியூப் கட்டணமும் அப்போது கூடுதல். நகரும் படிக்கட்டில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் அவசரமாக ஏறுகிறவர்களுக்கானது. இதில் லண்டன்காரர்களுக்குப் பொறுமை குறைவு.

டியூப் வரைபடம் தூரத்தைக் காட்டாது, எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது என்பதை மட்டுமே காட்டும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு டியூபில் போனால், ஆழத்துக்கு இறங்கி, காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வருவதற்குள் நடந்தே போய்விட்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே கால் கிலோமீட்டர்தான். ஒன்றிரண்டு ஸ்டேஷன் தூரம் என்றால் முதலில் நடைவழியைப் பாருங்கள்.

பகுதி பகுதியாக மூன்று நாள்

இறங்கிய நாள் மாலையில் ஒரே ஒரு வேலை. இரட்டை அடுக்குப் பேருந்தில் ஏறி மேல் தளத்தின் முன் இருக்கையில் உட்காருங்கள். டிரஃபால்கர் ஸ்கொயரிலிருந்து 15-ஆம் எண் பேருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைக் கடந்து டவர் ஹில் போகும். மேற்கே போக 9-ஆம் எண். சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கிற காசில் சின்னப் பங்குதான் ஆகும். ஊரின் அமைப்பும் மனதில் பதிந்துவிடும்.

முதல் முழு நாளைக் கிழக்கே டவர் ஆஃப் லண்டன் என்கிற பழைய கோட்டையில் தொடங்குங்கள். காலையில் திறக்கும்போதே வாசலில் நிற்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். உள்ளே போனதும் எல்லாரும் வாசல் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நேராக நகைகள் இருக்கும் ஜூவல் ஹவுஸுக்கு நடங்கள். கிரீடங்கள் இருக்கும் கண்ணாடிப் பேழைகளை ஒட்டித் தரை தானாக நகரும், நின்று பார்க்க விடாது. கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் சுற்றி வந்து மறுபடியும் ஒரு தடவை அதில் ஏறிப் பார்க்கலாம். கோஹினூர் வைரம், இரண்டாம் எலிசபெத் மகாராணியின் தாயாருக்காக 1937-இல் செய்த கிரீடத்தில் இருக்கிறது. நகைகளைப் பார்த்த பிறகு, அங்கேயே பணியில் இருக்கும் யோமன் வார்டர் காவலர்கள் நடத்தும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். டிக்கெட்டிலேயே அது அடக்கம். கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

வெளியே வந்தால் டவர் பிரிட்ஜ். 1894-இல் திறந்தது. பலர் இதைத்தான் லண்டன் பிரிட்ஜ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான லண்டன் பிரிட்ஜ் மேற்கே இருக்கிற, பார்க்கச் சாதாரணமான அடுத்த பாலம். டவர் பிரிட்ஜ் மேல் நடந்து தென்கரைக்குப் போய், ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம். ரயில் பாலத்துக்கு அடியில் பரோ மார்க்கெட், மதியச் சாப்பாட்டுக்கு. திங்கட்கிழமை மூடியிருக்கும். அடுத்து பழைய மின் நிலையத்துக்குள் அமைந்த டேட் மாடர்ன் ஓவியக்கூடம், நுழைவு இலவசம். அதன் எதிரே மில்லேனியம் நடைபாலம் தொடங்கும். அதில் வடக்கே நடக்க நடக்க செயின்ட் பால்ஸின் குவிமாடம் நேர் எதிரே பெரிதாகிக்கொண்டே வரும். உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. உச்சி மாடம் வரை 528 படிகள். பெரும்பாலான நாட்களில் மாலை ஐந்து மணி வாக்கில் நடக்கும் ஈவன்சாங் வழிபாட்டில் உட்காரக் கட்டணம் இல்லை. பாடகர் குழுவின் குரல் அந்தக் கூரைக்குக் கீழே கேட்பது ஒரு பெரிய அனுபவம். வழிபாடு என்பதால் படம் எடுக்கக் கூடாது.

இரண்டாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தலைக்கு மேலே பிக் பென் கடிகாரக் கோபுரம். பக்கத்துப் பார்லிமென்ட் ஸ்கொயரில் சர்ச்சில் சிலையும் இருக்கிறது, 2015-இல் வைத்த காந்தி சிலையும் இருக்கிறது. இருவரின் கதையும் தெரிந்த நமக்கு அங்கே கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தைக் காலையிலேயே பாருங்கள். ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள், சுற்றிப் பார்க்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாகப் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு நடக்கலாம். காவலர் மாற்றம் பார்க்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். அரண்மனைக் கம்பிவேலி ஓரம் இடம் பிடிக்க வெகு முன்னதாகவே போக வேண்டும், அதுவும் எல்லா நாளும் கிடையாது. அரை நாள் அதற்கே போய்விடும். பூங்காவின் மறுமுனையில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் குதிரைப்படைக் காவலர் மாற்றம் காலை 11 மணிக்கு, ஞாயிறன்று 10 மணிக்கு நடக்கிறது. கூட்டம் குறைவு, குதிரைகளைப் பக்கத்தில் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே மேல். அப்புறம் டிரஃபால்கர் ஸ்கொயரில் நேஷனல் கேலரி, அதுவும் இலவசம். மாலை கோவென்ட் கார்டனில். நாடகம் பார்க்க ஆசையிருந்தால் லெஸ்டர் ஸ்கொயரில் உள்ள டிகேடிஎஸ் கவுன்டரில் அன்றன்றைய டிக்கெட் தள்ளுபடியில் கிடைக்கும்.

மூன்றாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம். நுழைவு இலவசம், ஆனால் முழுவதையும் பார்க்க நினைத்தால் கால் ஓய்ந்துவிடும். நாலைந்து அறைகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். 4-ஆம் அறையில் எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல். 33-ஆம் அறையில் தெற்காசியப் பகுதி, சோழர் காலத்து வெண்கல நடராசர் உண்டு. அதை ஒட்டிய 33ஏ அறையில் ஆந்திரத்தின் அமராவதி ஸ்தூபியிலிருந்து கொண்டுபோன சிற்பங்கள். நம் பக்கத்துக் கல்லையும் வெண்கலத்தையும் அவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பது மனதைக் கனக்க வைக்கும், ஆனாலும் பார்க்காமல் வராதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் இரவு 8.30 வரை திறந்திருக்கும், மாலையில் போனால் கூட்டம் குறைந்திருக்கும்.

அருங்காட்சியகங்களில் இன்னும் ஆர்வம் இருந்தால் கடைசித் துண்டு நாளுக்கு சவுத் கென்சிங்டன். திமிங்கல எலும்புக்கூடு தொங்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றும் அடுத்தடுத்து, மூன்றுக்கும் நுழைவு இலவசம். திப்பு சுல்தானின் மரப்புலி கடைசியாகச் சொன்னதில் இருக்கிறது. அங்கிருந்து பிக்காடில்லி ரயில் நேராக ஹீத்ரோ போகும். அருங்காட்சியகம் வேண்டாம் என்றால் கிரீனிச்சுக்குப் போங்கள். படகிலும் போகலாம், ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயிலிலும் போகலாம். பிள்ளைகளுக்கு ரயிலின் முன் இருக்கை பிடிக்கும். படகுக்கும் ஆய்ஸ்டர் செல்லும், ஆனால் அந்தக் கட்டணம் தினசரி வரம்புக்குள் வராது.

ஸ்டோன்ஹெஞ்ச், பாத் என்று வெளியூர் ஒருநாள் சுற்றுலாக்களை முதல் தடவை விட்டுவிடுங்கள். போகவர மட்டுமே நாலு மணி நேரத்துக்கு மேல்.

எதற்கு முன்பதிவு

டவர் ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அபே இரண்டுக்கும் நேரம் குறித்து வாங்குங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால், உயரமான கட்டடத்தின் உச்சியில் உள்ள ஸ்கை கார்டன் இலவசம். சுமார் மூன்று வாரத்துக்கு முன் டிக்கெட்டை இணையத்தில் விடுவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். பல இடங்களைச் சேர்த்து விற்கும் நகர அனுமதிச் சீட்டு முதல் பயணத்துக்கு லாபமாக வருவது அரிது. நல்ல அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இலவசம், மீதிக்காகச் சீட்டை வாங்கினால் காசு வீணாகக் கூடாதே என்று ஓட வேண்டிவரும்.

சாப்பாடும் சின்னச் சின்ன விஷயங்களும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச்சிலிருந்து உணவகப் பட்டியல் வரை சைவம், வீகன் என்று குறித்திருப்பார்கள். உணவக பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அதற்கு மேல் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. நம்மூர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினால் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஆல்பர்ட்டன் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைய. ஆனால் அதற்காக ஒரு மாலை போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கழிப்பறைக்கு அருங்காட்சியகங்களும் வாட்டர்லூ, கிங்ஸ் கிராஸ் போன்ற பெரிய ரயில் நிலையங்களும் இருக்கின்றன, காசு கிடையாது. சின்ன டியூப் ஸ்டேஷன்கள் பலவற்றில் கழிப்பறையே இருக்காது. ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கும். மின் இணைப்புக்குத் தட்டையான மூன்று முள் அடாப்டர் வேண்டும்.

கைபேசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சைக்கிளிலோ மொபெட்டிலோ வந்து கையிலிருந்து பறித்துப் போவது லண்டனில் நடக்கிறது. நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கி, முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துப் பாருங்கள். விசா விவரம், ஹோட்டல் முகவரி, வீட்டுத் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தனியாக வைத்திருங்கள். அவசரத்துக்கு 999.

கிளம்பும் நாள்

பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுச் சுற்றலாம், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். வார இறுதியில் பராமரிப்புக்காகச் சில டியூப் பாதைகளை மூடுவது வழக்கம். ஆகவே முந்தின இரவே லண்டன் போக்குவரத்து அமைப்பின் டிஎஃப்எல் கோ செயலியில் உங்கள் பாதை ஓடுகிறதா என்று பாருங்கள், மாற்று வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் கடையில் கட்டிய வரியைத் திருப்பித் தரும் முறை 2021-இல் நின்றுவிட்டது, அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். ஹீத்ரோவில் உங்கள் விமானம் எந்த டெர்மினல் என்பதை ரயிலேறும் முன் பாருங்கள். 2, 3, 4, 5 என்று நான்கு உண்டு. 2-க்கும் 3-க்கும் ஒரே ஸ்டேஷன், 4-க்கும் 5-க்கும் தனித்தனி ஸ்டேஷன். எல்லா ரயிலும் எல்லா டெர்மினலுக்கும் போகாது. பிளாட்ஃபாரத்தில் உள்ள பலகையில் டெர்மினல் எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.